லேசர் உள்ளேயே இருந்ததால்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ரொம்ப நாள் "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். காலை பத்து மணிக்குள் தெரு காலியாகிவிடும். நான் மட்டும் மாடி அறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். காய்கறி வண்டிக்காரர் என்னை வேலையில்லாமல் வீட்டில் இருப்பவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அவரைத் திருத்தவில்லை.

நான் செய்வது ஒளியில் ஓடும் சிப்களை வடிவமைக்கும் வேலை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் போன் பேச்சும் வீடியோவும் கண்ணாடி இழைக்குள் ஒளியாகத்தான் போகின்றன. அந்த ஒளியை உண்டாக்கவும், அதில் செய்தியை ஏற்றவும், மறுமுனையில் இறக்கவும் கருவிகள் வேண்டும். முன்பு அவை தனித்தனிப் பெட்டிகளாக இருந்தன. இப்போது விரல் நகத்தைவிடச் சின்ன சிலிக்கான் துண்டுக்குள் எல்லாவற்றையும் கொண்டுவரப் பார்க்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சிலிக்கான் ஒளியை அழகாக வழிநடத்தும். தானாக ஒளி தராது. ஒளி தருவதற்கு இண்டியம் பாஸ்பைடு என்று வேறொரு பொருள் வேண்டும். அது விலை ஜாஸ்தி, பிஸ்கட் மாதிரி ஒடியும். ஒளியில் வேகமாகச் செய்தியை ஏற்ற லித்தியம் நியோபேட் என்கிற மூன்றாவது பொருள் நல்லது. மூன்றையும் ஒரே துண்டில் சேர்க்க வேண்டும். சூடானால் மூன்றும் மூன்று அளவில் விரியும். ஒட்டிய இடம் அதைத் தாங்க வேண்டும், ஒளியும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் இறங்க வேண்டும்.

அந்த இறங்குமிடம்தான் என் பங்கு. மேலே இருக்கும் இண்டியம் பாஸ்பைடுப் பாதையை ஊசி முனை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிக்கொண்டே போனால், ஒளிக்கு அங்கே இடம் போதாமல் கீழே இருக்கும் சிலிக்கானுக்குள் இறங்கிவிடும். எவ்வளவு நீளத்தில் எவ்வளவு ஒடுக்குவது என்று பார்ப்பதிலேயே என் நாட்கள் போகின்றன. சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும். இரண்டு வருஷம் அதிலேயே இருந்தேன், சலிக்கவில்லை.

என் கணவருக்கும் ஒளி வேலைதான். டிப்ளமோ படித்தவர். செங்கம் ரோட்டிலும் ஆசிரமத்தைச் சுற்றியும் இருக்கும் வீடுகள், கெஸ்ட் ஹவுஸ்கள், காபி கடைகளுக்கு ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுக்கிறார். நாங்கள் சந்தித்ததே அந்த ஃபைபரால்தான். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பை முடித்து, பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சேர்ந்த புதிதில், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். கீழ்பென்னாத்தூரில் அப்பா வீட்டில் கனெக்‌ஷன் இல்லை. அப்போது இவர் அந்தப் பக்கமும் வேலை எடுத்துக்கொண்டிருந்தார். லைன் போட வந்தார். சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுக் கிளம்பப் போனவரிடம், ஒளி இழப்பு எத்தனை டெசிபல் என்று கேட்டேன். திரும்பி வந்து, பையைத் திறந்து மீட்டரை எடுத்து அளந்து காட்டினார். அளவு கொஞ்சம் மோசமாக இருந்தது. முனையை வெட்டி மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை எந்தக் கஸ்டமரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்று பிற்பாடு சொன்னார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது சொந்தத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கின பெண்ணுக்குக் கம்பத்தில் ஏறுகிறவனா என்று சித்தி அப்பாவிடம் கேட்டார்களாம். அப்பா வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே, "அவன் வேலைய ஒழுங்கா செய்றான். பொண்ணுக்கும் புடிச்சிருக்குது. நமக்கு இன்னா?" என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது.

போன வருஷம் எங்கள் வடிவமைப்பில் முதல் தொகுதிச் சிப்கள் வந்தபோது ஒட்டிய இடமெல்லாம் கொப்புளம். இரண்டு பொருளை ஒட்டும்போது உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் நடுவே மாட்டிக்கொண்டு, சூடாக்கியதும் ஊதிவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார்கள். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. வாயு போவதற்கு சிலிக்கானில் நுண்ணிய துளைகள் விடுவது இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த வழிதான். ஒளிப் பாதைக்குப் பக்கத்தில் துளை வந்தால் ஒளி சிதறிவிடும் என்று பயந்து, அந்த ஓரத்தில் நான் கம்மியாக விட்டிருந்தேன். கொப்புளம் சரியாக அந்த ஓரத்தில்தான் வந்திருந்தது. எங்கள் குழுத் தலைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் திட்டவில்லை. துளையை எவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்தால் ஒளிக்குக் கெடுதல் இல்லை என்று கண்டுபிடித்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார். மூன்று வாரம் அதைப் பார்த்தேன். நான் பயந்ததில் கால்வாசி தூரம்கூடத் தேவைப்படவில்லை. இரண்டாம் தொகுதி கொப்புளமில்லாமல் வந்தது.

அந்தத் தொகுதியிலிருந்து ஒரு சிப்பைச் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பெட்டியில் பொருத்தி, ஒளி வெளியே வருவதற்கு ஃபைபரும் ஒட்டிக் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டி. அதன் ஒரு ஓரத்திலிருந்து மெல்லிய இழை ஒன்று நீண்டு, பச்சை நிறக் கனெக்டரில் முடியும். திங்கட்கிழமை பெங்களூரில், நெட்வொர்க் கருவிகள் செய்யும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை நானே சென்னைக்குப் போய் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து பெங்களூருக்குக் கிளம்புவதாகத் திட்டம்.

வீட்டுக்கு வந்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவின் உள் டிராயரில் வைத்தேன். பத்திரம் பார்க்கப் போய்த்தான் கெட்டது. சனிக்கிழமை காலை எடுத்துப் பார்த்தபோது, அதை வைத்திருந்த பஞ்சுப் பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை. சுருட்டி வைத்திருந்த இழை எம்பி வெளியே வந்து டிராயரின் விளிம்பில் நசுங்கியிருந்தது. தொட்டதும் இரண்டாகப் பிரிந்தது. கனெக்டர் இருந்த நீளத் துண்டு என் கையில். பெட்டியோடு ஒட்டியிருந்த துண்டு என் உள்ளங்கை நீளம்கூட இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. தலைவிக்கு எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்தேன். சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேன். சனி, ஞாயிறு யாரும் இல்லை என்று காவலாளி சொன்னார். அப்புறம்தான் கணவருக்குப் போன் செய்தேன். முதலிலேயே அவரை நினைக்காததற்குக் காரணம் உண்டு. பழைய மாதிரிக் கருவிகளில் ஒளி தரும் லேசர் தனியாக வெளியே இருக்கும். அதிலிருந்து சிப்புக்கு ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபர் சாதாரண ஃபைபர் இல்லை. ஒளி எந்தத் திசையில் அதிர்ந்துகொண்டு போகிறதோ அந்தத் திசை மாறாமல் காப்பாற்றும் தனி ரகம். ஒட்டும்போது இரண்டு முனைகளையும் சுழற்றி, ஒன்றுக்கொன்று சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். அதற்குத் தனி மெஷின். அவருடைய மெஷின் வீட்டு இன்டர்நெட்டுக்கானது. ஆராய்ச்சிக் காலம் முழுக்க அந்த ரகத்தோடே மாரடித்ததால், ஃபைபர் ஒடிந்தது என்றதும் என் புத்தி அங்கேயே போய் நின்றுவிட்டது.

அவர் அப்போது செங்கம் ரோட்டில் இருந்தார். அன்று பௌர்ணமி. காலையிலேயே திதி தொடங்கிவிட்டதால் கிரிவலக் கூட்டமும் சீக்கிரமே வந்துவிட்டது. விடிகாலையில் பந்தல் கம்புகள் ஏற்றிவந்த ஒரு லாரி கேபிளை இழுத்து அறுத்துவிட்டுப் போயிருந்தது. ஏழெட்டு கெஸ்ட் ஹவுஸுக்கு நெட் இல்லை. ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இழை ஒடிந்ததைச் சொன்னேன்.

"ஒடிஞ்சது உள்ள போற ஃபைபரா, வெளிய வர்றதா?" என்று கேட்டார்.

"உள்ள போறதே கெடையாதுங்க. லேசர் சிப்லயே இருக்குது. வெளிய வர்றது ஒண்ணுதான்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது.

"அப்போ அது நம்ம சாதா ஃபைபர்தானே. எடுத்துக்கினு வா. மதியத்துக்கு மேல ரோட்ட மூடிடுவாங்க, இப்பவே கெளம்பு."

இரண்டு வருஷமாக நான் எதற்காக உழைத்தேனோ அதுவே என்னைக் காப்பாற்றும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒளி தரும் பொருளையும் வழிநடத்தும் பொருளையும் ஒன்றாக ஒட்டிவிட்டதால் அந்தத் தனி ரக ஃபைபருக்கே வேலையில்லாமல் போய்விட்டது. அதைக் காகிதத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

பெட்டி, ஒடிந்த துண்டு, லேப்டாப், சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன போர்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஊருக்குள் பாதி தூரத்திலேயே போலீஸ்காரர் ஆட்டோவைத் திருப்பிவிட்டார். மீதியை நடந்தேன். தோளில் பை, இரண்டு கையாலும் பெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தேன். சுற்றிலும் வெறுங்காலோடு ஜனங்கள். யாராவது இடித்துவிடுவார்களோ என்று ஓரமாகவே போனேன். ஒரு அம்மா கூடவே நடந்துவந்து, உள்ளே சாமி சிலையா என்று கேட்டார்கள். இல்லை, மெஷின் பார்ட்டு என்றேன். இருந்தாலும் தன் கூட வந்தவர்களிடம், இடிக்காமல் போகச் சொல்லி எனக்கு வழி விட்டார்கள்.

கணவர் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றிருந்தார். அதை நடத்தும் அக்கா காலையிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர். மாடியில் காபி கடை. தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஆன்லைனில் ஏதோ வகுப்பு எடுக்க வேண்டியிருந்ததாம், நெட் இல்லாமல் போச்சாம். நான் போன நேரத்துக்கு லைன் வந்திருந்தது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இவர் மாடியில் ஒரு மேசை கேட்டார். ரோட்டோரத் தூசியில் இந்த வேலையைச் செய்ய முடியாது. அக்கா எதற்கு என்று விசாரித்து, என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, மூலை மேசையைத் துடைத்துக் கொடுத்தார்கள்.

ஃபைபரை ஒட்டுவது பார்ப்பதற்குச் சுலபம். மேல் பூச்சை உரிக்க வேண்டும், ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், முனையை நேராக வெட்ட வேண்டும். வெட்டிய இரண்டு முனையையும் மெஷினில் எதிரெதிரே வைத்தால், அது நெருக்கி வைத்து ஒரு மின்பொறியால் உருக்கிச் சேர்த்துவிடும். கம்பத்தின் கீழே உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனையோ ஒட்டுகிறார். ஆனால் அங்கே கேபிள் தாராளமாக இருக்கும். வெட்டு சரியில்லை என்றால் இன்னொரு தடவை வெட்டிக்கொள்ளலாம். இங்கே பெட்டியோடு இருந்த துண்டை அளந்து பார்த்துவிட்டு, இரண்டு தடவைதான் வெட்டலாம், மூன்றாவதுக்கு நீளம் இருக்காது என்றார்.

பெட்டியை மெஷினின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அக்காவின் மெனு அட்டைகளை அடுக்கி, மேலே என் நோட்டை வைத்து, அதன்மேல் பெட்டியை நிறுத்தினார். காற்றில் இழை ஆடியது. ஃபேனை நிறுத்தச் சொன்னார். சித்திரை வெயில். அங்கே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா அவர்களிடம் போய் ஆங்கிலத்தில், பத்து நிமிஷம், டாக்டர் வேலை நடக்கிறது என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர்கள் ஆபரேஷன் என்றே நினைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஸ்பூன் சத்தம்கூட வரவில்லை.

முதல் தடவை வெட்டி மெஷினில் வைத்தார். திரையில் இரண்டு முனையும் பெரிதாகத் தெரிந்தன. பெட்டியோடு இருந்த முனை சாய்வாக இருந்தது. மெஷின் ஒட்ட மறுத்துப் பீப் அடித்தது. பெட்டியை நான்தான் பிடித்திருந்தேன். வெட்டும் நேரத்தில் என் கை ஆடிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "நீ கொஞ்சம் அப்பால போய் உக்காரு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். அக்கா எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, கீழே போகும் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கணக்குப்போட்ட ஊசி முனை, தேடித் தேடித் துளைகள் வைத்த ஓரம் எல்லாம் பெட்டிக்குள் நன்றாகத்தான் இருந்தன. ஒளி வெளியே வர வழியில்லாவிட்டால் அவையெல்லாம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் மெஷின் மூடி மூடும் சத்தம் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதுக்கு முன்னால் அவர் கூப்பிட்டார்.

திரையில் ஒட்டே தெரியவில்லை. ஒரே இழை மாதிரி இருந்தது. ஒட்டின்மேல் சின்ன உறையை நகர்த்திச் சூடாக்கி இறுக்கினார். நான் போர்டை இணைத்து லேசருக்கு மின்சாரம் கொடுத்தேன். எங்கள் ஒளி கண்ணுக்குத் தெரியாத ரகம், மீட்டர்தான் சொல்ல வேண்டும். அவருடைய மஞ்சள் மீட்டரில் எண் ஏறி நின்றது. சென்னையில் எடுத்த அளவைவிட ஒரு மயிரிழைதான் கம்மி. நான் மூன்று தடவை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே எண். அவர் அக்காவைப் பார்த்து ஃபேனைப் போடச் சொன்னார்.

அங்கேயே, அப்போது வந்திருந்த நெட்டிலேயே தலைவிக்கு நடந்ததையெல்லாம் எழுதி அளவுகளையும் அனுப்பினேன். மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. ஒட்டு நன்றாக இருந்ததால் யாருக்கும் தெரியாது. ஆனால் வருகிறவர்கள் பார்த்து நம்பப்போவது அந்தப் பெட்டியை. அதில் ஒளிக்க எதுவும் இருக்கக் கூடாது என்று பட்டது. தலைவியிடமிருந்து ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஒட்டு போட்டிருப்பதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம், ஒட்டியவரையும் மெஷினோடு கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய காரில் போனோம். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழி. பின் சீட்டில் ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் பெட்டி, இரண்டுக்கும் பெல்ட் போட்டிருந்தார். வழியில் நான் மறுநாள் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் கல்யாணமாகி முதல் தடவையாக என் ஆபீசுக்கு வருகிறார். இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைத் தனியாக ஹேங்கரில் மாட்டியிருந்தார்.

திங்கட்கிழமை வந்தவர்கள் நான்கு பேர். ஒட்டைப் பற்றித் தலைவி முதலிலேயே சொன்னார். அவர்களில் ஒருவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தார், அவ்வளவுதான். அவர்களுக்குக் கவலை சூட்டைப் பற்றி. நெட்வொர்க் கருவிகள் இருக்கும் அறைகளில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று பொருளும் மூன்று அளவில் விரியும்போது சிப்புக்குள் அவற்றின் ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்கள். பேசுவதைவிடக் காட்டுவது மேல் என்று, சூட்டை ஏற்றி இறக்கும் பெட்டிக்குள் அதை வைத்தோம். வெளியே திரையில் செய்தி ஓடும் வடிவம் தெரிந்தது, கண் திறந்த மாதிரி நடுவில் ஒரு வெற்றிடம். அது திறந்திருக்கும்வரை செய்தி பிழையில்லாமல் போகிறது என்று அர்த்தம். சூடு ஏறியபோது கொஞ்சம் சுருங்கியது. மூடவில்லை. குளிர்ந்ததும் பழையபடி விரிந்தது. ஒரு வாரம் இப்படியே ஓடவிட்டு அளவுகளை அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு தலைவி என் கணவரை மைக்ரோஸ்கோப் பக்கம் கூப்பிட்டு, அதே தொகுதியில் பெட்டியில் பொருத்தாத ஒரு சிப்பைக் காட்டினார். லேசர் இருக்கும் இடம், அது ஒடுங்கும் இடம், கீழே இறங்கும் இடம் எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. இத்தனை வருஷமாக அவர் கைக்கு வரும்போது ஒளி ஏற்கெனவே இழைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அது பிறக்கும் இடத்தை அவர் பார்த்ததில்லை.

"இந்த முனையா நீ போட்டது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

"நல்லா போட்டிருக்க."

ஆராய்ச்சிப் படிப்புக்குத் தேர்வாளர்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் எனக்கு இன்று நினைவில் இல்லை. இது இருக்கிறது.

ஒரு வாரம் ஓடியது. ஒட்டு தாங்கியது. அந்தக் கம்பெனி உடனே எதுவும் முடிவு செய்யவில்லை. இரண்டு மாசம் கழித்து இன்னும் சில சிப்கள் கேட்டு எழுதினார்கள். அவற்றில் ஒன்று அவர்களுடைய சோதனையில் ஓரம் பிரிந்துவிட்டது, மற்றவை நின்றன. பிரிந்தது ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெங்களூருக்கு வீடு மாற்றிக்கொள்ளச் சொல்வார்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. தலைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை போய் வருகிறேன்.

இப்போது அடுத்த வடிவமைப்பு நடக்கிறது. ஊசி முனையை இன்னும் குட்டையாக்க வேண்டும், வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். மாடி அறையில் வெயில் ஏறும் முன் பாதியை முடித்துவிடலாம் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே அவர் வண்டியில் கேபிள் சுருளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவலூர்பேட்டைப் பக்கம் புதிதாக ஒரு தெருவுக்கு லைன் கேட்டிருக்கிறார்களாம். சாப்பிட வர நேரமாகும், காத்திருக்க வேண்டாம் என்று கீழேயிருந்து சொல்கிறார். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்க்கிறேன்.